வெறுங்கால் துரை

போன வாரம் திண்டிவனத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஒரு புதுப் பீடம். பீடத்தின் மேல் ஒரு சிலை. சிலையின் மேல் கோணி! திறப்பு விழா ஆகும்வரை யாரும் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கைப் போட்டுச் சணலால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள்.

பக்கத்தில் நின்றவரிடம் இது யார் என்று கேட்டேன். ஒரு தலைவரின் பெயரைச் சொன்னார். அவருக்கு அடுத்து நின்றவர், அவர் இல்லை, இவர் என்று வேறொரு பெயரைச் சொன்னார். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு, இரண்டு பேரையும் திருத்தி, மூன்றாவதாக ஒரு பெயரை வைத்தார்.

"நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

"பாக்கறதுக்கு இன்னா சார் இருக்குது? அதான் எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்களே" என்றார்.

எல்லாரும் சொல்கிறார்கள்... இதைக் கேட்டாலே நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். காரணம் இருக்கிறது. இந்தப் பத்திரிகைப் பத்தியில் எவ்வளவோ உளறியிருக்கிறேன்; இதை மட்டும் இதுவரை சொன்னதில்லை.

பேனாவை நம்பிப் பிழைக்க வருவதற்கு முன்பு, திண்டிவனத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் நான் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். கட்டடம் அங்கேயேதான் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு என் மேல் கோபமும் அப்படியே இருக்கிறது.

எங்கள் பீரோவில் ஒரு பதிவேடு உண்டு. பொது இடங்களில் உள்ள சிலைகள், நினைவுச் சின்னங்கள் எல்லாம் அதில் இருக்கும். யாருடைய சிலை, எங்கே நிற்கிறது, எதனால் ஆனது, யார் வைத்தது, இப்போது என்ன நிலை... ஐந்து கட்டம். வருஷக்கணக்காக அதை ஒருவரும் திறக்கவில்லை. திடீரென்று ஒருநாள் அதற்கு மவுசு வந்தது.

ட்ரங்க் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். வழியில் நிற்கிற சிலைகளை என்ன செய்வது? மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. சாமி என்றால் தொடாதே, ரோட்டை ஒதுக்கிக்கொள். நம்மவர்களின் நினைவுச் சின்னம் என்றால் பீடத்தோடு பெயர்த்து, மரியாதையாக வேறு இடத்தில் வை. வெள்ளைக்காரத் துரை என்றால், எடுத்துவிடு.

எடுத்துவிடு என்றால்? கல்லோ வெண்கலமோ ஆனால் கிடங்குக்குப் போகும். சுதைச் சிலை என்றால் கடப்பாரைதான். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி எழுப்பிய உருவம். இரண்டு போடு போட்டால் ஜல்லி.

விழுப்புரம் போகிற வழியில், விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ரோட்டோரம் ஆள் உயரத்துக்கு ஒரு சுதைச் சிலை. பதிவேட்டைப் புரட்டினேன். 'கர்னல் துரை. பெயர் தெரியவில்லை. துப்பாக்கி ஏந்தியது. சுதை. நிலை: சுமார்' என்று இருந்தது. பழைய பதிவேடு கிழிந்துபோய்ப் புதிதாகப் பிரதி எடுத்த புத்தகம் அது. யார் எந்த வரியைச் சொன்னார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்று அதில் இருக்காது.

ஆபீசர் என்னை நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதச் சொன்னார். சைக்கிளை பஸ் டாப்பில் ஏற்றிக்கொண்டு போனேன்.

இறங்கினதுமே ஒருவர் காத்திருந்தார். ஊரில் பெரிய விவசாயி. கோவிந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதிருக்கும். சிலைக்குப் பின்னால் ரோட்டை ஒட்டி இருக்கிற மல்லாட்டைக் கொல்லை முழுக்க அவருடையது; மல்லாட்டை என்றால் அந்தப் பக்கத்தில் வேர்க்கடலை. நான் வருவது அவருக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இளநீர் வெட்டித் தயாராக இருந்தது. சர்க்கார் ஆளுக்குக் கேட்காமல் இளநீர் வந்தால், அதைக் குடிக்கலாம்; நம்பக் கூடாது.

இது கர்னல் துரை சிலைதான், சின்ன வயதிலிருந்து தனக்குத் தெரியும், அந்தத் துரை இந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தவர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தையும் எடுத்துக் காட்டினார். எங்கள் ஆபீஸ் பதிவேட்டின் நகல்! சீல் போட்டு, கையெழுத்துப் போட்டு, முறையாக வாங்கி வைத்திருந்தார்.

"சர்க்காரே எழுதி வச்சிருக்குது சார். இதுக்கு மேல இன்னா வோணும்?"

சிலையின் காலடியில் கற்பூரம் எரிந்த கறுப்பு. புதிதாக மஞ்சள் துணி. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர், இது துரை இல்லை, முனீஸ்வரன் என்றார்கள். ஊரைக் காக்கிற சாமியாம். எவ்வளவு காலமாகக் காக்கிறார் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பீடத்தைத் தடவிப் பார்த்தேன். கற்பூரக் கறைக்கு ஒரு மாசத்துக்கு மேல் வயதிருக்காது. சர்வேக்காரர்கள் ரோட்டுக்குக் கல் நட்டுப் போனதும் ஒரு மாசம் முன்புதான். சாமியாகிவிட்டால் ரோடு வளைந்து கோவிந்தசாமியின் கொல்லைக்குள் நுழையும். ஊரில் பாதிப் பேருக்கு அவரோடு பேச்சு இல்லை என்பதை இளநீர் வெட்டிய ஆளே சொல்லிவிட்டார்.

ஆக, இவர்கள் சொல்வதும் பொய். அவர் சொல்வது? நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறார். ஆனாலும் கையில் காகிதம் இருக்கிறது. காகிதம் இருந்தால் பொய்யும் கொஞ்சம் நிமிர்ந்துதானே நிற்கும்?

சிலையைப் பார்த்தேன். தலையில் தொப்பி. அரைக்கால் சட்டை. முறுக்கிய மீசை. வலது கையில் ஒரு கழி, பாதியில் உடைந்துபோனது. துப்பாக்கியின் மிச்சம் என்று எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் கயிற்றில் கோத்த ஜெபமாலை, கையில் துணிப்பை. அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி, நேராக என்னிடம் வந்து நின்றாள். பெயர் ஆரோக்கியமேரி. இந்த ஊரில் பிறந்தவள். திண்டிவனத்தில் ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் சமையல் செய்கிறாள். வளவனூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், சிலையை இடிக்க ஆபீசர் வந்திருக்கிறார் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்களாம். பாதி வழியில் இறங்கிவிட்டாள்.

"இது எங்க அண்ணன் சார்" என்றாள்.

கோவிந்தசாமி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஊர் ஒற்றுமையாக இருந்தது.

அவளுடைய அண்ணன் சவரிமுத்து அந்தக் காலத்துப் பெரிய சண்டையில், அதாவது முதல் உலகப் போரில், இராக்கில் இருக்கிற பசரா சீமைக்குக் கப்பலில் போனவன். சுடுகிற பட்டாளம் இல்லை, கூலிப் பட்டாளம். ரோடு போட, பள்ளம் வெட்ட, மூட்டை தூக்க. போனவன் திரும்பவில்லை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இந்தச் சிலை அவனுக்காக வைத்தது என்றாள்.

இது துரை சிலை என்று ரிக்கார்டில் இருக்கிறதே என்றேன், கொஞ்சம் கறாராகவே.

அவள் சிலையின் பாதத்தைக் காட்டினாள். சுண்ணாம்பு அடித்து அடித்து மழுங்கியிருந்தாலும், ஐந்து விரலும் தெரிந்தது.

"தொரைன்னு எழுதி வச்சிருக்கீங்க. எந்தத் தொரை சார் வெறுங்காலோட நிப்பான்?"

பதில் இல்லாத கேள்வியைக் கேட்டால் மனிதனுக்கு என்ன வரும்? சந்தேகம்தான் வரும். கோவிந்தசாமி என்னைத் தனியே அழைத்துப் போய் அதற்கு எண்ணெய் ஊற்றினார். சிலை அண்ணனுடையது என்று இன்று ஒத்துக்கொண்டால், சிலை நிற்கிற புறம்போக்கும் அண்ணனுடையது என்று நாளைக்கு வந்து நிற்பாள். இத்தனை வருஷமாக எங்கே போயிருந்தாள்? நீங்களே யோசியுங்கள் என்றார்.

நான் யோசித்தேன். அதாவது, அவர் யோசித்து வைத்திருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து கான்வென்ட்டுக்குப் போனேன். விசாரணை என்று பெயர். அவளை எங்காவது மடக்க வேண்டும் என்பதுதான் உள்நோக்கம். ஹாஸ்டல் சமையற்கட்டின் பின்புறம் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நோட்டைப் பிரித்தேன்.

அண்ணனுக்கு மீசை உண்டா என்று கேட்டேன். முறம் ஒரு நொடி நின்றது. இருந்தது என்றாள். எந்த மாதிரி மீசை? முறுக்கு மீசை. போகும்போது என்ன வயது? பதினெட்டோ பத்தொன்பதோ. பதினெட்டு வயதில் அந்தச் சிலையில் இருக்கிற மாதிரி மீசையா? அவள் கேப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'பொய்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாய் என்று அடுத்த அம்பை விட்டேன்.

"சும்மா எங்க சார் இருந்தேன்? மனு குடுத்தேனே. உங்க ஆபீசுலதான். ஒரு டீச்சரம்மாதான் எழுதிக் குடுத்தாங்க. பத்து வருசம் இருக்கும். பதில் வரும் பதில் வரும்னு பாத்துக்கினே இருந்தேன்."

மனுவா? எனக்குத் தெரியாமல் எங்கள் ஆபீஸுக்கு மனுவா? பத்து வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான். வசமாக மாட்டினாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு மனுவே இல்லை என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது.

இல்லை என்று எழுதுவதற்காகவே தேடினேன். ரிக்கார்டு ரூமில் மூன்று நாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம், ஒரு கட்டின் அடியில், கயிறு இற்றுப்போன ஃபைலில் கிடைத்தது.

மனு இருந்தது. வாத்தியார்கள் எழுதுகிற குண்டு குண்டான எழுத்து. கீழே ஒரு பெருவிரல் ரேகை. ரோட்டோரச் சிலையைத் துரை சிலை என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது தவறு, இந்த ஊரிலிருந்து சண்டைக்குப் போய்த் திரும்பாத நாலு பேருக்காக வைத்தது, சர்க்கார் புத்தகத்தில் சரியாக எழுத வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

நாலு பேரா! இப்போது அண்ணன் என்கிறாள், அப்போது நாலு பேர் என்றிருக்கிறாள். ஆகா, பிடித்தேன் என்று காகிதத்தைத் திருப்பினேன்.

பின்பக்கத்தில் ஆபீஸ் குறிப்பு. 'நேரில் விசாரிக்கப்பட்டது. சிலை துப்பாக்கி ஏந்திய ஒரு கர்னல் துரையுடையது என ஊர்ப் பெரியவர்கள் தெரிவிக்கின்றனர். மேல் நடவடிக்கை தேவையில்லை.' அதற்குக் கீழே சுருக்கமாக ஒரு கையொப்பம்.

என் கையொப்பம்.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிறகு மெதுவாக வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. சித்திரை வெயில். விழுப்புரத்தில் இன்னொரு வேலையை முடித்துக்கொண்டு அந்த ஊருக்குப் போக வேண்டும். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த ஊர்க்காரர் என்று தெரிந்தது. அந்தச் சிலை யாருடையது என்று கேட்டேன். துப்பாக்கியோடு நிற்கிற யாரோ ஒரு கர்னல் துரை என்றார். போகிற நடை மிச்சம் என்று அங்கேயே குறிப்பு எழுதி, அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் திரும்பிவிட்டேன். ஊர்ப் பெரியவர்கள் என்று பன்மையில் எழுதினேன். உண்மையில் ஒரே ஒரு பெரியவர்.

அந்த ஒரு பெரியவரின் முகம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோவிந்தசாமி.

பிறகு புதுப் பதிவேடு எழுதியபோது என் குறிப்பிலிருந்துதான் 'கர்னல் துரை' என்று ஏறியிருக்கிறது. உடைந்த கழியைத் துப்பாக்கி ஆக்கியதும் அதே காபிதான். அதைத்தான் கோவிந்தசாமி நகல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னிடமே காட்டினார். அவர் சொன்னார் என்று நான் எழுதினேன். நான் எழுதியிருக்கிறேன் என்று அவர் சொன்னார். சிலையை இரண்டு பேரும் உற்றுப் பார்க்கவில்லை. ஊரில் பாதி ரிக்கார்டு இப்படித்தான் பிறக்கிறது என்பது என் சந்தேகம். தப்பாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

இப்போது என்ன செய்வது? அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. போகாத இடத்துக்குப் போனதாக எழுதியது சாதாரணக் குற்றம் இல்லை. காகிதமோ ஒற்றைத் தாள். கயிறு வேறு இற்றுப் போயிருக்கிறது. காற்றில் பறந்தால் யாருக்குத் தெரியும்?

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். கோவிந்தசாமி நகலை வைத்திருந்த அதே மாதிரி, இடது பக்கப் பையில். என் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், பதிவேட்டை வைத்தே இடிப்பதற்கு நாள் குறித்தாகிவிட்டது என்று மூன்றாம் நாள் காலையில் காதில் விழுந்தது. அன்றைக்கே ஆபீசர் அறைக்குள் போய்த் தாளை அவர் மேஜையில் வைத்து, நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன்.

நான் எதிர்பார்த்தது திட்டு. கிடைத்தது சந்தேகம். அவர் முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார், என்னைப் படித்தார்.

"பத்து வருஷம் கழிச்சு இதை ஏன் இப்ப கொண்டாந்து வைக்கறீங்க? அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

உறவு ஒன்றும் இல்லை, மனசு கேட்கவில்லை என்றேன். மனசு என்ற சொல் அந்த அறையில் அதற்கு முன் யாரும் சொல்லாதது போல அவர் பார்த்தார். என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். இனி என் ரிப்போர்ட்டை நம்புவதாக இல்லை என்றும், தாமே நேரில் வரப்போவதாகவும் சொன்னார். நான் வெளியே கிளம்பும்போது ஒன்று கேட்டார். சாமி என்றால்தான் கோவிந்தசாமியின் நிலம் போகும். நினைவுச் சின்னம் என்றால் சிலைதான் நகரும், நிலம் அப்படியே இருக்கும். பின்னே ஏன் அந்த மனுஷன் துரையையே பிடித்துத் தொங்குகிறார்?

சுரீர் என்றது. இத்தனை பேரைச் சந்தேகப்பட்ட நான், இதைச் சந்தேகப்படவில்லையே!

மறுநாள் காலை ஆபீசர் ஜீப்பில் வந்தார். ஆரோக்கியமேரிக்குச் சொல்லி அனுப்பியிருந்ததால் அவள் முன்னாடியே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். கோவிந்தசாமியும் நின்றார். ஊரும் நின்றது. அன்று இளநீர் இல்லை.

ஆபீசர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சிலையின் வலது பாதத்துக்குப் பக்கத்தில், கழியின் அடிப்பாகம் இருக்க வேண்டிய இடத்தில், சுண்ணாம்புக் கட்டியாக ஒரு மேடு இருந்தது. அதைச் சுரண்டச் சொன்னார். கொத்தனார் ஒருவர் கரண்டியால் பொறுமையாகச் சுரண்டினார். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு தகடு தகடாக உரிந்தது. உள்ளே அகலமாக, தட்டையாக ஓர் அலகு தெரிந்தது.

துப்பாக்கிக்கு ஏது அலகு? முனீஸ்வரனுக்கு ஏது? அது மண்வெட்டி.

பீடம் ரொம்பக் குட்டையாக இருக்கிறதே என்றார் ஆபீசர். ரோட்டை இரண்டு மூன்று தடவை உயர்த்தியதில் பீடம் மண்ணுக்குள் போயிருக்கும் என்றார் கொத்தனார். தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் ஒரு கல் பலகை. தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். எழுத்து இருந்தது, தமிழில். இந்தக் கிராமத்திலிருந்து பெரிய சண்டைக்குப் போனவர்கள் பதினொரு பேர் என்றும், அவர்களில் உயிர் கொடுத்தவர்கள் நாலு பேர் என்றும் ஆபீசர் வாய்விட்டுப் படித்தார். அவ்வளவுதான். பெயர் ஒன்றும் இல்லை.

முனீஸ்வரன் கட்சிக்காரர் ஒருவர் மஞ்சள் துணியை மெதுவாக அவிழ்த்து மடித்துக்கொண்டார்.

ஆபீசர் ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டார். கல்லில் நாலு பேர் என்று இருக்கிறது, மனுவிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய், பிறகு ஏன் உன் அண்ணன் சிலை என்று எங்கள் ஆளிடம் சொன்னாய் என்று கேட்டார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"மொதல்ல நாலு பேருன்னுதான் சார் எழுதிக் குடுத்தேன். யாரும் திரும்பிக்கூட பாக்கல. நாலு பேருன்னா யாருக்கோ வந்ததுன்னு உட்டுடறாங்க. எங்க அண்ணன்னு சொன்னா, நின்னு ஒரு கேள்வியாவது கேக்கறாங்க இல்ல? அண்ணனுக்கு மீசையே மொளைக்கல சார். இது யாரு மூஞ்சியும் இல்ல. செல செஞ்சவரு சும்மா ஒரு மூஞ்சி வச்சாரு."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் மண்ணைப் பார்த்தேன்.

அந்த நாலு பேர் பெயரும் தெரியுமா என்று ஆபீசர் கேட்டார். தெரியும் என்றாள். சவரிமுத்து. அடுத்தது, கெடாரிலிருந்து இங்கே வந்து பிழைத்த குடும்பத்துப் பிள்ளை முனுசாமி. மூன்றாவது, வண்டிக்கார வீட்டு ஏழுமலை. அந்த இரண்டு வீட்டிலும் இப்போது கேட்க ஆள் இல்லை, எங்கெங்கோ போய்விட்டார்கள் என்றாள். நான் எழுதிக்கொண்டே வந்தேன். நாலாவது பெயருக்குப் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் நிறுத்திவிட்டாள்.

"நாலாவது பேர நான் சொல்லக் கூடாது சார். சொல்ல வேண்டியவங்க இங்கதான் நிக்கறாங்க."

யாரையும் கை காட்டவில்லை. ஆனாலும் அவள் கண் போன பக்கம் கூட்டம் முழுக்கத் திரும்பியது. கோவிந்தசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி போட்டார். எடுத்தார். போட்டார். அவர் கோபமாகக் கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ரங்கசாமி" என்றார். "எங்க சித்தப்பா."

பிறகு அவர் சொன்னது துண்டு துண்டாகத்தான் வந்தது. நிலம் நீச்சு உள்ள குடும்பம். அதில் ஒரு பிள்ளை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, ஊர்க் கூலிகளோடு கூலியாகப் பெயர் கொடுத்துக் கப்பல் ஏறிவிட்டான். குடும்பத்துக்கு அதைவிடத் தலைகுனிவு இல்லை. காசிக்குப் போய்விட்டான் என்று ஊரில் சொன்னார்கள். சாவுச் செய்தி வந்தபோதும் வாய்விட்டு அழவில்லை, கருமாதி செய்யவில்லை. சிலை வைத்தபோது, அது துரை சிலை என்று முதலில் சொன்னவர் கோவிந்தசாமியின் அப்பாதான். மகனுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தார். உண்மை என்ன என்று மகனுக்கு இருபது வயதில்தான் தெரிந்தது. அதற்குள் ஊர் மொத்தமும் துரை என்று சொல்லப் பழகிவிட்டது.

"நான் பொறந்தப்ப எனக்குப் பேரு வச்சதே அவுருதான் சார். எங்கம்மா சொல்லியிருக்காங்க" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆரோக்கியமேரி தன் துணிப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தார். அந்த ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு, அவர் அவளிடம் வாங்கிக் குடித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும்.

நிலத்துக்காகத்தான் பொய் சொல்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பொய் சரிதான், காரணம்தான் தப்பு. ஒருவரைச் சந்தேகப்படுவது சுலபம். எதற்காகச் சந்தேகப்பட வேண்டும் என்று கண்டுபிடிப்பது இருக்கிறதே... அதற்கு நேரில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கடப்பாரை வரவில்லை. சிலையைப் பீடத்தோடு பெயர்த்து, வைக்கோல் சுற்றி, உருளைக் கட்டை மேல் தள்ளிப் போனார்கள். ஒரு நாள் பூராவும் பிடித்தது. இடம் கொடுத்தவர் கோவிந்தசாமி. தன் கொல்லையின் மூலையைக் கொடுத்தார். அந்த மூலை உவர் மண், மல்லாட்டைகூட முளைக்காது என்று ஒருவர் என் காதில் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த வருஷம் மாசி மாசத்தில் சித்தப்பாவுக்குக் காரியம் செய்தார். நாலு பேருக்கும் சேர்த்து இலை போட்டார். உவர் மண்ணில் அதுவாவது முளைத்ததே.

எனக்கு? மெமோவுக்கு நான் எழுதிய விளக்கம் போதவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து பெயர் போயிற்று. முகையூர்ப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். அங்கே பொழுது போகாமல்தான் எழுத ஆரம்பித்தேன். ஆக, இந்தப் பத்தியை நீங்கள் சகித்துக்கொள்வதற்கும் அந்தச் சிலைதான் பொறுப்பு.

மாற்றல் உத்தரவு கைக்கு வருவதற்கு முன்பே பதிவேட்டைத் திருத்திவிட்டேன். 'யாருடைய சிலை' என்ற கட்டம் ஒரே ஒரு பெயருக்குத்தான் போதும். நாலு பெயரையும் பொடி எழுத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக நெருக்கி எழுதினேன். 'துப்பாக்கி'யை அடித்து 'மண்வெட்டி' என்று போட்டேன். ஆபீசர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வரி வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

மறுநாள் மறுபடி வந்தாள். கூடவே கான்வென்ட் டீச்சர் ஒருவர். அந்த டீச்சரை விட்டு அதே பக்கத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். டீச்சர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். படியுங்கள் என்றேன். நாலு பெயரும் நான் படித்த மாதிரியே வந்ததும், ஆரோக்கியமேரி தலையை ஆட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். எழுதினது நீங்கதானே, அதான்" என்றாள்.

கோபம் வரவில்லை. என்னைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் என்று தோன்றியது.

அந்தப் பதிவேடு இன்னும் அந்தப் பீரோவில்தான் இருக்கும். எப்போதாவது உங்கள் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தைத் தாராளமாக நம்பலாம். இருந்தாலும்... ஒரு நடை போய்ச் சிலையையும் பார்த்துவிடுங்கள்!